பிள்ளையோட சேர்ந்து செய்ற முதல் மரவேலை: ஒரு மணை போதும்

தங்கச்சி, நீங்க கேட்டது இதுதான்: ரங்கூன் திங்கன்ஜுன் பக்கம் ரெண்டாவது மாடி வீடு, வீட்டுக்காரர் மலேசியாவுல வேலை பார்க்குறாரு, பையனுக்கு ஒன்பது வயசு, பள்ளிக்கூடம் லீவு விட்டதுலேர்ந்து "அம்மா மரத்துல ஏதாச்சும் செய்யலாமா"ன்னு கேட்டுட்டே இருக்கான், உங்களுக்கு ஆணி அடிக்கத் தெரியுமே தவிர மரவேலை தெரியாது, மாமனாரோட பழைய ரம்பம் ஒன்னும் சுத்தி ஒன்னும் வீட்டுல கிடக்கு, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, கையை அறுத்துக்குவானோன்னு பயமா வேற இருக்கு.

நான் மோல்மேன்ல முப்பது வருஷமா மரப் பட்டறை வச்சிருக்கேன், அப்பாவும் இதே தொழில்தான். ஞாயித்துக்கிழமை கோவில்ல தமிழ் படிக்க வர்ற பிள்ளைங்கள்ல ஆசைப்படுறவங்களுக்கு பட்டறையில வச்சு சின்னச் சின்ன வேலை சொல்லிக் கொடுக்குறேன், அந்தப் பழக்கத்துல சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல, என்ன செய்றதுன்னு. மணை செய்ங்க. சாப்பிட உக்கார்ற மணை, நம்ம பாட்டிங்க வீட்டுல இருந்துச்சே அதேதான். நிறைய பேர் பிள்ளைன்னதும் பறவைக் கூடு, பொம்மைக் கார்னு ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. பறவைக் கூட்டுக்கு ஆறு ஏழு துண்டு வேணும், எல்லாம் மூலமட்டத்துக்கு, அதாவது மூலை சரியா செங்கோணமா, நின்னாத்தான் ஒன்னோட ஒன்னு சேரும், ஒன்னு கோணினா எல்லாம் கோணும், நடுவுலயே பிள்ளைக்கு அலுத்துடும். பொம்மை ஒரு வாரம் ஓடும், அப்புறம் கட்டிலுக்கு அடியில போயிடும். மணைக்கு மூணே மூணு மரத்துண்டு, ஆறு ஸ்க்ரூ. முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அதுல உக்காந்து சாப்பிடலாம், மறுநாள் நீங்க அதுல உக்காந்து வெங்காயம் அரியலாம், பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா வந்தாலும் அவங்க வீட்டுலயும் தணிவான கட்டைதானே போட்டு உக்கார்றாங்க, பார்த்ததும் புரிஞ்சுக்குவாங்க. தான் செஞ்சது வீட்டுல தினமும் புழங்குதுன்னு பார்க்குற பிள்ளைக்கு வர்ற நிமிர்வு வேற, அது பொம்மையில வராது.

அளவு சொல்றேன். மேல் பலகை 14 இன்ச் நீளம், 10 இன்ச் அகலம், ஒரு இன்ச் கனம். கீழ ரெண்டு கால் சட்டம், ஒவ்வொன்னும் 9 இன்ச் நீளம், ஒன்றரை இன்ச் அகலம், ஒன்னேகால் இன்ச் உயரம். சட்டம் ரெண்டும் பலகைக்குக் குறுக்கால வரணும், ரெண்டு பக்க ஓரத்துலேர்ந்தும் ரெண்டு இன்ச் உள்ள தள்ளி. மரத்தோட ரேகை பலகையில 14 இன்ச் நீளவாக்குல ஓடணும், சட்டத்துல 9 இன்ச் நீளவாக்குல ஓடணும், இதை மட்டும் மாத்திடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மரம் எங்க வாங்கறது. முழுப் பலகை வாங்க வேணாம், உங்க பக்கம் மேசை நாற்காலி செய்ற எந்த லெத்தமா (பர்மாத் தச்சர்) பட்டறைக்குப் போனாலும் வெட்டி மிஞ்சின துண்டு மூலையில குவிஞ்சு கிடக்கும், பிள்ளையை கூட்டிட்டுப் போய் அவனையே பொறுக்கச் சொல்லுங்க. என் கையில விட்டா முதல் வேலைக்கு யமனே மரம்தான் தருவேன், நம்ம ஊர்ல குமிழ்னு சொல்வாங்களே அது, லேசான மரம், ரம்பம் சுலபமா இறங்கும், நகம் பட்டாலே லேசா தடம் விழும், பிள்ளை கைக்கு அதுதான் தோது. தேக்கு கிடைச்சா அதுவும் நல்லதுதான், ஆனா தேக்குல மணல் மாதிரி ஒரு சத்து இருக்கு, ரம்பத்தோட பல்லை சீக்கிரம் மழுக்கிடும், தெரிஞ்சு வச்சுக்கங்க. பழைய மர வீடு இடிச்ச தேக்கு வந்தா விடாதீங்க, காய்ஞ்சு காய்ஞ்சு அசைவே இல்லாம இருக்கும், ஆனா உள்ள ஒடிஞ்ச ஆணி ஒளிஞ்சிருக்கும், ஒரு காந்தத்தை மேல ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க, அந்தக் காந்த வேலையையும் அவன்கிட்டயே கொடுங்க, புதையல் தேடுற மாதிரி தேடுவான். பியின்கடோ வேண்டவே வேணாம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில கட்டையா போடுற மரம் அது, பெரியவங்களுக்கே கை விட்டுப் போயிடும். பிடாக் மரமும் கெட்டி, அதோட தூள் மூக்குல ஏறினா தும்மலா வரும். ரப்பர் மரம் எங்க மோன் மாநிலத்துப் பக்கம் நிறைய, அறுக்க நல்லா இருக்கும், ஆனா மருந்து ஏத்தாத ரப்பர் மரத்துல வண்டு விழுந்து மாவு மாவா கொட்டும், மருந்து ஏத்தினதான்னு கேட்டுட்டு எடுங்க. துறைமுகத்துல சரக்கு வர்ற பேலட் கட்டை சும்மாவே கிடைக்குதுன்னு சிலர் எடுப்பாங்க, அதுல முத்திரையைப் பாருங்க, ஹெச்டின்னு (HT) இருந்தா சூடு ஏத்தின கட்டை, எடுக்கலாம், எம்பின்னு (MB) இருந்தா புகை மருந்து அடிச்சது, வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

பட்டறைக்காரர்கிட்ட சொல்லி 14க்கு 10 பலகையை அங்கயே மிஷின்ல அறுத்து இழைச்சு வாங்கிட்டு வந்துடுங்க. இது ஏமாத்து வேலையோன்னு நினைக்காதீங்க. ஒரு இன்ச் கனத்துல 10 இன்ச் அகலத்தை ஒன்பது வயசுப் பிள்ளை கையால அறுத்தா தோள் போயிடும், பாதியில கோணும், அழுகை வரும். சட்டம் ஒன்றரை இன்ச்தான், அதை அவன் அறுக்கட்டும். சட்டத்துக்கு ஒரே குச்சியா வாங்குங்க, அவன் அதுலேர்ந்து 9 இன்ச் ரெண்டு துண்டு எடுப்பான், ரெண்டு அடி வாங்கினா ஒன்னு தப்பிட்டா இன்னொன்னு எடுக்க கால் அடி குறைவா இருக்கும், அதனால மூணு அடியாவே வாங்கிடுங்க.

சாமான். மாமனாரோட ரம்பம் துருப்பிடிச்சிருந்தா மண்ணெண்ணெய் தொட்டு தேய்ச்சு பாருங்க, பல்லு தேய்ஞ்சு போயிருந்தா பிள்ளைகிட்ட கொடுக்காதீங்க. மழுங்கின ரம்பம்தான் ஆபத்து, அது மரத்துல இறங்காம வழுக்கி கைக்கு வரும், கூரான ரம்பம் போட்ட கோட்டுலயே போகும். ரங்கூன்ல ஜப்பான் செகண்ட்ஹேண்ட் கடைங்க இருக்கே, அங்க இழுத்து அறுக்குற சின்ன ரம்பம் கிடைக்கும், நம்ம ரம்பம் தள்ளும்போது அறுக்கும், ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், தகடு மெல்லிசு, பிள்ளைங்களுக்கு அது சட்டுன்னு பிடிபடுது. அப்புறம் ஒரு மூலமட்டம், பென்சில், ரெண்டு கிளாம்ப், ஸ்க்ரூ டிரைவர், உருண்டை அரம் ஒன்னு, உப்புத்தாள் 80, 120, 180 நம்பர்ல ரெண்டு ரெண்டு, கண்ணுக்கு கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். இன்னொன்னு, கையால சக்கரம் சுத்துற டிரில். கரண்ட் இல்லாட்டியும் ஓடும், பல்லுச் சக்கரம் சுத்துறது கண்ணுக்குத் தெரியும், எந்தப் பிள்ளை வந்தாலும் பட்டறையில முதல்ல அதைத்தான் எடுக்குது. கரண்ட் டிரில்லை இந்த வயசுல கொடுக்காதீங்க, கரண்ட் இல்லங்கறது உங்களுக்கு குறையே இல்ல, கை வேலையில சத்தம் கம்மி, பேசிக்கிட்டே செய்யலாம், மரம் என்ன சொல்லுதுன்னு கேக்கும்.

கை அறுக்கும்ங்கற பயத்துக்கு வர்றேன். முப்பது வருஷத்துல நான் பார்த்த வரைக்கும் பிள்ளைங்களுக்கு காயம் படுறது பெரும்பாலும் ரம்பத்தால இல்ல, மரம் ஆடுறதால. நம்ம ஆசாரிமாரும் பர்மாக்கார லெத்தமாவும் தரையில உக்காந்து கால் விரலாலயே கட்டையை அமுக்கிப் பிடிச்சு அறுப்பாங்க, எங்கப்பாவும் அப்படித்தான், பார்க்க அழகா இருக்கும், ஆனா அது பல வருஷப் பழக்கம், பிள்ளைக்கு காட்டாதீங்க. அதுக்குப் பதிலா முந்தின நாள் ராத்திரி நீங்க ஒரு பிடிகட்டை செஞ்சு வச்சுடுங்க, உங்களுக்கும் கை பழகும். ஒரு அடிக்கு எட்டு இன்ச்ல ஒரு பலகைத் துண்டு, அதோட மேல் பக்கம் ஒரு ஓரத்துல ஒரு குச்சியை ஆணி அடிச்சு நிறுத்துங்க, திருப்பி கீழ்ப் பக்கம் எதிர் ஓரத்துல இன்னொரு குச்சி. கீழ்க் குச்சி மேசை விளிம்புல மாட்டிக்கும், மேல் குச்சியில மரத்தை அணைச்சு வச்சு அறுக்கலாம், தள்ளத் தள்ள இறுகும். இழுக்குற ரம்பம்னா மரம் கிட்ட வரப் பார்க்கும், அப்ப பிடிகட்டையோட சேர்த்து கிளாம்ப் போட்டுடுங்க. மேசை அவன் முழங்கை உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது. டீக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் மேல வச்சு அறுக்க விடாதீங்க, அது ஆடும். காலுக்கு ஷூ, வீட்டுல செருப்புகூட போடாம பழகினவனுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், பரவால்ல. கையில சாமிக் கயிறு தொங்கினா சுருட்டி விடுங்க, டிரில் சக்கரத்துல மாட்டும்.

அளக்கறது. எங்க தொழில்ல இன்ச்சை எட்டா பிரிச்சு நூல்னு சொல்வோம், எட்டு நூல் ஒரு இன்ச், நாலு நூல் அரை இன்ச், ரெண்டு நூல் கால் இன்ச். இதை டேப்புல கோடு காட்டி சொல்லிக் கொடுங்க. பள்ளிக்கூடத்துல பின்னம் புரியாம முழிச்ச ஒரு பொண்ணு எங்க பட்டறையில "ஆறு நூல்னா முக்கால் இன்ச்சா மாமா"ன்னு தானா கேட்டா, நான் ஒன்னும் கணக்கு நடத்தல, டேப்பை கையில கொடுத்தேன் அவ்வளவுதான். ஆனா ரெண்டாவது சட்டத்துக்கு டேப்பை எடுக்காதீங்க, முதல் சட்டத்தை அது மேல வச்சு பென்சிலால கோடு இழுத்து அறுங்க. 9 இன்ச்சுக்கு ஒரு நூல் முன்னப்பின்ன இருந்தாலும் ரெண்டும் ஒரே அளவா வரும், மணைக்கு அது போதும்.

அறுக்கும்போது பிள்ளைங்க பண்றது என்னன்னா, ரம்பத்தோட நடுவுல ரெண்டு இன்ச்சை மட்டும் வச்சு வேகவேகமா கரகரன்னு இழுப்பாங்க. மூச்சு வாங்கும், மரம் அறுபடாது. முழு ரம்பமும் ஓடணும்னு சொல்லுங்க, மெதுவா, ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு, அமுக்கவே வேணாம், ரம்பத்தோட கனமே போதும். ஆரம்பிக்கத்தான் கஷ்டம், கோட்டுக்குப் பக்கத்துல ஒரு சதுரக் கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தினீங்கன்னா ரம்பத்தோட தகடு அதுல சாஞ்சுக்கிட்டு நேரா இறங்கும், அவனோட இடது கையும் கோட்டுக்குப் பக்கத்துல போகாது. முடியப் போற நேரத்துல நீங்க தொங்குற பக்கத்தைத் தாங்கிப் பிடிங்க, இல்லன்னா ஓரம் பிஞ்சு வரும். உங்க கை அங்க இருந்தா போதும், ரம்பத்துல வேணாம்.

இங்க ஒன்னு சொல்லியாகணும். என் பொண்ணுக்கு பத்து வயசு இருக்கும்போது அவளும் இதே மணைதான் செஞ்சா, தேக்குல. மூலையை வளைச்சு அறுக்கறேன்னு ஒரு மூலையில ரம்பம் கொஞ்சம் உள்ள ஓடிடுச்சு, ஒரு சின்ன பள்ளம், அரை இன்ச் இருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்துச்சு. ராத்திரி அவ தூங்கினப்புறம் இழைப்புளியை எடுத்து நாலு ஓரமும் ஒழுங்கு பண்ணி, உப்புத்தாள் போட்டு, பள்ளமே தெரியாம ஆக்கி வச்சுட்டேன், காலையில பார்த்தா சந்தோஷப்படுவான்னு. காலையில வந்தா. கட்டை விரலால அந்த ஓரத்தை தடவினா, அந்தப் பள்ளம் இருந்த இடத்துல நிறுத்தி திரும்பத் தடவினா. "இது உங்களோடதுப்பா"ன்னு சொல்லிட்டு கீழ வச்சுட்டு போயிட்டா. கோவமா சொல்லல, அதான் எனக்கு தாங்கல. அந்த மழைக்காலம் முழுக்க பட்டறைப் பக்கம் அவ வரல. அந்த மணை இன்னும் வீட்டுல இருக்கு, வர்றவங்க எல்லாம் நல்ல வேலைன்னு சொல்வாங்க, அவ அதுல ஒரு நாளும் உக்காந்ததில்ல. அதனால சொல்றேன் தங்கச்சி, கோணலா இருந்தா கோணலா இருக்கட்டும், அவன் அறுத்ததை நீங்க தொடாதீங்க, அவனே வந்து "இதை நேராக்கணும்மா"ன்னு கேட்டா அப்ப எப்படின்னு காட்டுங்க. ஆபத்தான இடத்துல, சிலாம்பு நிக்கிற இடத்துல மட்டும் சொல்லிட்டு கை வைங்க.

இப்ப இந்த வேலையோட முக்கியமான இடம், சட்டத்தை பலகையோட சேர்க்கறது. மரம் காய்ஞ்சப்புறமும் சும்மா இருக்காது, காத்துல ஈரம் ஏறினா உப்பும், வெயில்ல சுருங்கும். நீளவாக்குல அசையறது கண்ணுக்கே தெரியாது, அகலவாக்குலதான் அசையும். எங்க மோல்மேன்ல வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, ஆடி ஆவணியில கதவெல்லாம் இறுகிக்கிட்டு திறக்காது, பங்குனியில அதே கதவு லொடலொடன்னு ஆடும், ரங்கூன்லயும் மழை கம்மி இல்ல, நீங்களே பார்த்திருப்பீங்க. கப்பலுக்குப் போட்ட தேக்கு கம்மியா அசையற மரம், அதுலயே 10 இன்ச் பலகை வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் நடுவுல அரை நூலுக்கு மேல கூடிக் குறையும், பச்சை மரம்னா கேக்கவே வேணாம். சட்டமோ பலகைக்குக் குறுக்கால நீளவாக்குல கிடக்கு, அது அசையாது. ஒன்னு அசையுது ஒன்னு அசையல, ரெண்டையும் பசை போட்டு முழுக்க ஒட்டிட்டீங்கன்னா என்ன ஆகும், ஒரு ராத்திரி டப்புன்னு சத்தம் கேட்டு பலகை நடுவுல வெடிச்சிருக்கும். பழைய ஆசாரிங்க ஆணி அடிச்சாங்க, ஆணி லேசா வளைஞ்சு கொடுக்கும், தாங்குச்சு. நாம ஸ்க்ரூ போடுறோம், பசை வேணாம்.

ஒவ்வொரு சட்டத்துலயும் மூணு ஓட்டை, நடுவுல ஒன்னு, ரெண்டு ஓரத்துலேர்ந்தும் ஒன்னேகால் இன்ச் தள்ளி ஒவ்வொன்னு. மொதல்ல தரையில படப் போற பக்கத்துலேர்ந்து மூணு நூல் டிரில் போட்டு ரெண்டு நூல் ஆழம் மட்டும் குடையணும், ஸ்க்ரூ தலை அதுக்குள்ள போய் உக்காரும், இல்லன்னா தரை டைல்ஸை கீறும். அந்தக் குழிக்கு நடுவுல ஒன்றரை நூல் டிரில் போட்டு மறுபக்கம் வரைக்கும் துளைங்க, அடியில ஒரு வேஸ்ட் கட்டை வச்சுக்கங்க. நடு ஓட்டையை அப்படியே விட்டுடுங்க. ஓரத்து ஓட்டை ரெண்டையும் உருண்டை அரத்தால சட்டத்தோட நீளவாக்குல இழுத்து இழுத்து முட்டை வடிவமா ஆக்கணும், பலகை உப்பும்போது ஸ்க்ரூ அந்த இடத்துக்குள்ள நகர்ந்துக்கும். இது பிள்ளை செய்ற வேலை, அரம் ஆபத்தில்ல, பொறுமையா செய்வான், "மரம் மூச்சு விட இடம் விடுறோம்"னு சொன்னா அவனுக்குப் புரியும்.

அப்புறம் சட்டத்தை பலகையோட அடிப்பக்கத்துல இடம் பார்த்து வச்சு, ஓட்டை வழியா பென்சிலால குறி வச்சுட்டு, பலகையில முக்கால் நூல் டிரில்லால அரை இன்ச் ஆழம் துளைங்க. டிரில் நுனியிலேர்ந்து அரை இன்ச்சுல ஒரு டேப்பு ஒட்டி விட்டா அந்த டேப்பு மரத்தைத் தொட்டதும் நிறுத்திடுவான். ஸ்க்ரூ எட்டாம் நம்பர், ஒன்றரை இன்ச் நீளம். இதை கணக்கு போட்டுத்தான் சொல்றேன்: சட்டம் ஒன்னேகால் இன்ச், அதுல கால் இன்ச் குழி போக ஒரு இன்ச், ஆக ஒன்றரை இன்ச் ஸ்க்ரூவுல அரை இன்ச் பலகைக்குள்ள போகும். பட்டறையில ஒரு இன்ச்னு கொடுக்குற பலகை இழைச்சப்புறம் ஏழு நூல்தான் இருக்கும், அப்பவும் மூணு நூல் மிச்சம். போன வருஷம் ஒரு பையன் நான் பார்க்காதப்ப ரெண்டு இன்ச் ஸ்க்ரூவை போட்டுட்டான், மேல உக்கார்ற பக்கம் முனை எட்டிப் பார்த்துச்சு, நல்ல வேளை உக்கார்றதுக்கு முன்னாடி கையால தடவிப் பார்த்தோம். ஸ்க்ரூவுக்கு கொஞ்சம் சவர்க்காரம் தேய்ச்சு விடுங்க, பிள்ளை கை பலத்துக்கு சுலபமா திரும்பும். நடு ஸ்க்ரூவை இறுக்கணும், ஓரத்து ஸ்க்ரூவை தலை தொட்டதும் அரைச் சுத்தோட விட்டுடணும்.

திருப்பி தரையில வச்சா லேசா ஆடுச்சுன்னா பயப்படாதீங்க. சமமான டைல்ஸ் மேல 80 நம்பர் உப்புத்தாளை விரிச்சு, அதுமேல மணையை நாலு தடவை தேய்ங்க, எந்தக் கால் உசரமோ அது தானா தேய்ஞ்சு சமமாயிடும்.

தேய்க்கறது பிள்ளைங்களுக்கு அலுக்குற வேலை. அதுக்கு ஒரு வழி இருக்கு, பலகை முழுக்க பென்சிலால அவனை கிறுக்கச் சொல்லுங்க, ஆசை தீர கிறுக்கட்டும், அப்புறம் அந்தக் கிறுக்கல் மறையற வரைக்கும் 80ல தேய்க்கணும். மறுபடி கிறுக்கி 120, மறுபடி 180. எங்க இன்னும் தேயலன்னு அவன் கண்ணுக்கே தெரியும், நீங்க தொணதொணக்க வேணாம். ரேகை ஓடுற பக்கமாவே தேய்க்கணும், குறுக்கால தேய்ச்சா கீறல் நிக்கும். வேலை நடக்கும்போது பேச்சுக்கு ஒரு விஷயம் வேணும்ல, அவன் கையில இருக்குறது தேக்கா இருந்தா இதைச் சொல்லுங்க: பச்சைத் தேக்கு தண்ணியில மிதக்காது, அதனால அந்தக் காலத்துல காட்டுல மரத்தைச் சுத்தி வளையமா பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் வெட்டி விட்டு, ரெண்டு மூணு வருஷம் நின்ன நெலையிலயே காய விடுவாங்க, அப்புறம்தான் சாய்ப்பாங்க, யானை இழுத்து ஓடையில போடும், மழை வெள்ளத்துல மிதந்து ஆத்துக்கு வந்து, தெப்பமா கட்டி ரங்கூனுக்கும் எங்க மோல்மேனுக்கும் வந்து சேரும். எங்க தாத்தா இங்க மரக் கிட்டங்கியில வேலை பார்த்தவர், யானை கட்டையை தந்தத்தால தூக்கி அடுக்குறதை கதையா சொல்வாரு, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க ஒரு பக்கம் தேய்ச்சு முடிச்சுடுவாங்க.

ஒரே நாள்ல முடிக்கணும்னு நிக்காதீங்க. ஒன்பது வயசுக்கு ஒரு மணி நேரம் தாண்டினா கை தளரும், கை தளர்ந்தாத்தான் அறுத்துக்கும். அளந்து அறுக்கறது ஒரு நாள், ஓட்டை போட்டு அரத்தால இழுக்கறது ஒரு நாள், ஸ்க்ரூவும் தேய்ப்பும் ஒரு நாள். நடுவுல "போதும்மா"ன்னு சொன்னா விட்டுடுங்க, சாமானை மட்டும் அவன் கண்ணுல படுற இடத்துல வைங்க, ரம்பத்தைத் தவிர. ராத்திரி அப்பாகிட்ட வீடியோ கால்ல பேசும்போது அன்னைக்கு செஞ்ச துண்டை அவனே காட்டட்டும்.

பூச்சு. மர வீட்டுச் சுவருக்கு அடிக்கிற கறுப்பு கச்சா எண்ணெய் இருக்கே, பழைய மர வீடெல்லாம் கருகருன்னு இருக்குமே அது, அதை உக்கார்ற சாமானுக்குப் போடாதீங்க, துணியெல்லாம் நாறும். பகான் அரக்குச் சாமானுக்குப் பூசுற மரப்பால் பளபளன்னு இருக்கும்னு ஆசைப்படவும் வேணாம், காயறதுக்கு முன்னாடி தோல்ல பட்டா தடிச்சு கொப்புளம் வரும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, பிசுபிசுன்னு நின்னு சிக்கு வாடை அடிக்கும். பெயின்ட் கடையில லின்சீட் ஆயில்னு கேளுங்க, ஆளிவிதை எண்ணெய், கால் டம்ளர்கூட செலவாகாது. பழைய பனியன் துணியில தொட்டு மெல்லிசா தேய்ச்சு, கால் மணி நேரம் கழிச்சு மேல நிக்கிறதை துடைச்சு எடுத்துட்டு, கையில ஒட்டாத அளவுக்கு நல்லா காய விட்டு இன்னொரு தடவை. முதல் தடவை எண்ணெய் படும்போது ரேகை குப்புன்னு எழும்பி வரும், அந்த நேரம் துணி அவன் கையில இருக்கட்டும், நீங்க பக்கத்துல நின்னு அவன் மூஞ்சியைப் பாருங்க. எண்ணெய் போடுறதுக்கு முன்னாடியே அடிப்பக்கத்துல பேரும் தேதியும் அவன் கையெழுத்துல தமிழ்ல எழுதி வச்சுடச் சொல்லுங்க.

அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி குப்பைக் கூடையில போட்டுடாதீங்க தங்கச்சி, இதை கண்டிப்பா சொல்றேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி சுருண்டு கிடந்தா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும், எங்க தெருவுல ஒரு பட்டறையில அப்படித்தான் ராத்திரி புகை கிளம்பி அக்கம் பக்கமெல்லாம் ஓடினோம். பால்கனி கம்பியில ஒத்தையா விரிச்சுப் போட்டு, விறைச்சு காய்ஞ்சப்புறம் தூக்கிப் போடுங்க, இல்ல ஒரு டப்பாவுல தண்ணி ஊத்தி அதுல முக்கி மூடி வைங்க.

இப்ப சித்திரை வெயில், மரம் நல்லா சுருங்கி இருக்கும். மழை பிடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு மணையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க, முட்டை ஓட்டையில ஸ்க்ரூ கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதை அவனுக்குக் காட்டுங்க. நடு ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தா அவனையே ஒரு சுத்து முடுக்கச் சொல்லுங்க. மிச்சம் இருக்குற அந்த சட்டத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்து என்ன செய்யலாம்னு அவன் கேக்கும்போது எழுதுங்க, சொல்றேன்.